இல்லாத பித்தப்பையில் எப்படி வலி?

அத்தைக்குப் பித்தப்பையை எடுத்து இரண்டு வருஷம் ஆகிறது. புதுச்சேரியில் ஆபரேஷன். வயிற்றில் நான்கு சின்னத் துளை போட்டு எடுத்தார்கள், மூன்றாம் நாள் கடலூர் மஞ்சக்குப்பம் வீட்டுக்கு வந்துவிட்டார். எடுத்த கற்களை ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் போட்டுக் கொடுத்திருந்தார்கள். மிளகு அளவில், மிளகு நிறத்தில், பதினேழு கற்கள். பார்க்க வருகிறவர்களுக்குக் காபி வருவதற்கு முன்னால் அந்த டப்பா வரும்.

போன மார்கழியில் அவருக்கு விடாத இருமல். பக்கத்து வீட்டுக்காரருக்கு டாக்டர் எழுதிக்கொடுத்த சிரப் கொஞ்சம் மீதி இருந்தது. ராத்திரி தூங்கினால் போதும் என்று அதில் இரண்டு ஸ்பூன் குடித்துவிட்டுப் படுத்தார். முக்கால் மணி நேரம்கூட ஆகவில்லை. வலது விலாவுக்குக் கீழே பிடித்த வலி முதுகுப்பக்கம் தோள்பட்டை வரைக்கும் ஏறியது. வேர்த்துக் கொட்டியது, வாந்தியும் வந்தது. ஆட்டோவில் ஏறும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு அவர் கேட்டது இன்னும் காதில் இருக்கிறது: "அதே வலிடா. எடுத்துட்டோம்னுதானே சொன்னாங்க? அப்போ எது வலிக்குது?"

நியாயமான கேள்வி. முதலில் போன இடத்தில் "கேஸ்" என்று சொல்லி ஒரு ஊசி போட்டார்கள். பிறகு போன பெரிய ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்தார்கள். கல் எதுவும் இல்லை, பித்தநாளம் மட்டும் லேசாக விரிந்திருந்தது. ரத்தத்தில் கல்லீரல் நொதிகள் ஏறியிருந்தன. மூத்த மருத்துவர்கள் அடுத்த பரிசோதனை என்ன என்று பேசிக்கொண்டிருக்க, ஓரமாக நின்ற ஒரு இளம் டாக்டர்தான் கேட்டார்: "அம்மா, ராத்திரி ஏதாவது மருந்து சாப்பிட்டீங்களா?" நல்லவேளை, சிரப் பாட்டில் என் சட்டைப் பையில் இருந்தது. லேபிளைத் திருப்பிப் பார்த்தார். பொடி எழுத்தில் கோடீன் பாஸ்பேட் என்று இருந்தது. "சரி, இதுதான்" என்றார். விடிவதற்குள் வலி அடங்கிவிட்டது. சில நாளில் நொதிகளும் இறங்கின.

இருமல் மருந்துக்கும் பித்தத்துக்கும் என்ன சம்பந்தம்? இதைத் தேடப்போய்த்தான், நம் வயிற்றுக்குள் இரண்டு சமிக்ஞைகள் ஓயாமல் ஒன்றையொன்று மறித்துக்கொண்டிருப்பது எனக்குப் பிடிபட்டது. ஒன்று "திற" என்கிறது. இன்னொன்று "பொறு" என்கிறது. அபினியிலிருந்து வரும் கோடீன், மார்ஃபின் மாதிரி மருந்துகள் இந்த இரண்டாவதன் குரலைத்தான் அப்படியே காப்பியடிக்கின்றன.

முதலில் பையைப் பார்த்துவிடலாம். ஞாயிற்றுக்கிழமை காலையில் ஆட்டுக்கறிக் கடையில் ஈரல் கேட்டுப் பாருங்கள். கடைக்காரர் ஈரலைத் திருப்பிப் போட்டு, அதன் அடியில் ஒட்டிக்கொண்டிருக்கும் பச்சை நிறப் பையை விரல் நுனியால் மெல்லத் தூக்கி, கத்தியை அதன் மேல் படாமல் ஓட்டி, தனியாக எடுத்துப் போடுவார். அவ்வளவு வேகமாகக் கறி வெட்டுகிறவர் அந்த ஒரு இடத்தில் மட்டும் நிதானமாகிவிடுவார். பித்து உடைந்தால் ஈரல் முழுக்கக் கசந்துவிடும். மனிதர்களுக்கு இருப்பதும் ஏறக்குறைய அதே பைதான். 7 முதல் 10 சென்டிமீட்டர் நீளம் இருக்கும், 30 முதல் 50 மில்லி வரை பிடிக்கும். டீக்கடைக் கிளாஸில் ஊற்றினால் பாதிக்கு மேல் வராது.

ஆனால் கல்லீரல் ஒரு நாளைக்குச் சுரக்கும் பித்தநீர் 600 மில்லியிலிருந்து ஒரு லிட்டர் வரை. அவ்வளவும் அரைக் கிளாஸ் பைக்குள் எப்படி அடங்கும்? பித்தப்பையின் உட்சுவர் உப்பையும் தண்ணீரையும் உறிஞ்சிக்கொண்டே இருக்கிறது. உள்ளே வந்த பித்தநீர் ஐந்து முதல் பத்து மடங்கு வரை கெட்டியாகிறது. குழம்பைச் சுண்ட வைப்பதுபோல என்று வைத்துக்கொள்ளுங்கள். சுண்டிய குழம்பு அடிபிடிக்கும், சுண்டிய பித்தம் கல்லாகும். அதனால் அடிக்கடி காலி செய்தாக வேண்டும். அப்படிக் காலி செய்வதற்கு யார் உத்தரவு கொடுக்கிறார்கள் என்பதில்தான் கதையே இருக்கிறது.

கடலூர் மாவட்டத்துக்காரர்களுக்கு இதைச் சொல்ல வீராணம் ஏரி போதும். வரத்து வாய்க்கால் கல்லீரலிலிருந்து வரும் நாளம். ஏரி பித்தப்பை. கீழே மதகு. அந்த மதகுக்கு உடற்கூறியலில் ஓடி சுருக்குத்தசை என்று பெயர். (ஓடி என்றதும் நம் ஊர்க்காரர்களுக்கு 'ஓல்டு டவுன்' என்பதைச் சுருக்கி ஓ.டி. என்று அழைக்கும் கடலூர் முதுநகரும் மீன்பிடித் துறைமுகமும்தான் ஞாபகம் வரும். இது வேறு ஓடி, ஒரு மருத்துவரின் பெயர்.) பித்தநாளமும் கணையத்தின் குழாயும் சேர்ந்து முன்சிறுகுடலில் திறக்கும் இடத்தில், வாய்ப்பகுதியைச் சுற்றி மோதிரம் மாதிரி இருக்கும் தசை. சாப்பிடாதபோது மதகு மூடியிருக்கும். வரும் பித்தநீர் வேறு வழியில்லாமல் பக்கவாட்டில் ஏரிக்குள் ஏறி நிற்கும். சாப்பிட்டால் ஏரி சுருங்க வேண்டும், அதே நேரம் மதகு இளக வேண்டும். ஒன்று நடந்து இன்னொன்று நடக்காவிட்டால் கரை உடையாது, ஆனால் வலிக்கும்.

திறக்கச் சொல்லும் உத்தரவைக் கண்டுபிடித்தவர்கள் ஆண்ட்ரூ ஐவியும் எரிக் ஓல்ட்பெர்க்கும். 1928ல், அமெரிக்காவில். சிறுகுடலிலிருந்து எடுத்த சாற்றைச் செலுத்தினால் பித்தப்பை சுருங்குகிறது என்று காட்டினார்கள். அப்படியானால் நரம்பு வழியாக மட்டும் செய்தி போகவில்லை, ரத்தம் வழியாகவும் ஏதோ ஒரு பொருள் போகிறது. அந்தப் பொருளுக்குக் கிரேக்க வார்த்தைகளை ஒட்டவைத்து கோலிசிஸ்டோகைனின் என்று பெயர் வைத்தார்கள். 'பித்தப்பையை அசைப்பது' என்று அர்த்தம். வாயில் நுழையாத பெயர், இனி சிசிகே என்றே சொல்வோம். இங்கே ஒரு சுவாரஸ்யம். 1943ல் இங்கிலாந்தில் ஹார்ப்பரும் ராப்பரும் கணையத்தை நொதி சுரக்க வைக்கும் வேறொரு ஹார்மோனைக் கண்டுபிடித்ததாகச் சொல்லி அதற்கு வேறு பெயர் வைத்தார்கள். ஸ்டாக்ஹோமில் ஜோர்ப்பஸும் முட்டும் பன்றிக் குடலிலிருந்து அந்தப் பொருளைச் சுத்தமாகப் பிரித்தெடுத்த பிறகுதான் இரண்டும் ஒன்றே என்று தெரிந்தது. 33 அமினோ அமிலங்கள் கோத்த ஒரு சரம். அதில் கடைசி எட்டு இருந்தாலே பித்தப்பை சுருங்கிவிடும்.

சிசிகேவைச் சுரப்பவை சிறுகுடலின் மேல்பகுதிச் சுவரில் ஆங்காங்கே சிதறிக் கிடக்கும் ஒருவகைச் செல்கள். குடலுக்குள் எட்டிப் பார்த்தபடி இருக்கும் அவற்றுக்குக் கொழுப்பும் புரதமும் பட்டால் போதும், ஹார்மோன் ரத்தத்தில் இறங்கும். பிரியாணி சாப்பிட்ட சில நிமிடங்களில் பித்தப்பை சுருங்கத் தொடங்குகிறது. அடுத்த ஒரு மணி நேரத்துக்குள் பாதிக்கு மேல் காலியாகிவிடும். வெறும் கஞ்சித்தண்ணீருக்கு இந்த மரியாதை கிடைப்பதில்லை. கொழுப்பைக் கரைக்கத்தானே பித்தம், கொழுப்பு வரும்போது அனுப்பினால் போதும் என்று குடலே கணக்குப் பார்க்கிறது.

சிசிகே வேலை செய்யும் விதத்தைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்க வேண்டும். பித்தப்பையின் தசை மேலேயே அதற்கான ஏற்பி இருக்கிறது. சாவி பூட்டில் நுழைந்ததும் தசைக்குள் கால்சியம் ஏறி, தசை சுருங்கும். அது மட்டுமில்லை. மூளையிலிருந்து வயிற்றுக்கு வரும் வேகஸ் நரம்பையும் பித்தப்பைச் சுவரில் இருக்கும் குட்டி நரம்புமுடிச்சுகளையும் சிசிகே தட்டி எழுப்புகிறது. அங்கே நரம்புமுனைகளிலிருந்து அசிட்டைல்கோலின் என்ற பொருள் கசிந்து தசையை இன்னும் சுருக்குகிறது. மதகுப் பக்கம் கதை தலைகீழ். அங்கே சிசிகே தசையைத் தளர்த்தும் நரம்புகளை உசுப்புகிறது. அவை நைட்ரிக் ஆக்சைடு, விஐபி என்ற தளர்த்தும் பொருள்களை வெளியிட, மதகு இளகுகிறது. ஒரே ஹார்மோன் ஏரியைப் பிழிகிறது, மதகைத் திறக்கிறது. பொதுப்பணித் துறைக்கு இப்படி ஒரு ஆள் கிடைத்தால் நன்றாக இருக்கும்.

இனி இரண்டாவது குரல். இதற்கு அபினியிலிருந்து தொடங்க வேண்டும்.

அபின் வலியைப் போக்கும், கூடவே குடலைக் கட்டிப்போடும் என்பது பழைய நாளிலிருந்தே எல்லோருக்கும் தெரியும். ஓயாத கழிச்சலுக்கு அபின் கொடுத்த வைத்தியம் நம் ஊரிலும் இருந்தது, ஐரோப்பாவிலும் இருந்தது. ஆனால் ஒரு செடியின் பாலுக்கு நம் குடல் ஏன் கட்டுப்பட வேண்டும்? ஸ்காட்லாந்தின் அபர்டீனில் ஹான்ஸ் காஸ்டர்லிட்ஸ் கினிப்பன்றியின் சிறுகுடல் துண்டு ஒன்றை உப்புநீரில் தொங்கவிட்டு, மின்சாரத்தால் அதைத் துடிக்க வைத்து, மார்ஃபின் துளியை விட்டால் துடிப்பு அடங்குவதைப் பல வருஷம் ஆராய்ந்தார். நரம்புமுனையிலிருந்து வரும் அசிட்டைல்கோலினை மார்ஃபின் தடுக்கிறது என்பது 1957லேயே வில்லியம் பேட்டன் காட்டியதுதான். 1973ல் மூளையில் மார்ஃபின் போய் உட்காரும் ஏற்பிகள் இருப்பது உறுதியானது. அமெரிக்காவிலும் ஸ்வீடனிலுமாக மூன்று குழுக்கள் ஏறக்குறைய ஒரே நேரத்தில் சொன்னார்கள். பூட்டு இருந்தால் சாவி இருக்க வேண்டும். கசகசாச் செடிக்காகவா உடம்பு பூட்டு செய்து வைத்திருக்கும்?

காஸ்டர்லிட்ஸோடு வேலை பார்த்த ஜான் ஹியூஸ் இறைச்சிக்கூடத்திலிருந்து பன்றி மூளைகளை வாங்கி வந்து, அரைத்து, வடிகட்டி, அந்தச் சாற்றைக் காஸ்டர்லிட்ஸின் குடல் துண்டு போன்ற திசுக்களில் சொட்டிச் சொட்டிப் பார்த்தார். துடிப்பு அடங்கியது. நலாக்ஸோன் என்ற எதிர்மருந்தை விட்டால் திரும்ப வந்தது. மார்ஃபின் செய்வதையே செய்யும் ஏதோ ஒன்று மூளைக்குள்ளேயே இருக்கிறது. 1975ல் அதன் அமைப்பை வெளியிட்டார்கள். ஐந்தே அமினோ அமிலங்கள் கொண்ட இரண்டு குட்டிப் பெப்டைடுகள், கடைசி மணியில் மட்டும் வித்தியாசம். தலைக்குள் இருப்பது என்ற பொருளில் என்கெஃபலின் என்று பெயர் வைத்தார்கள். பெயர் ஒருவகையில் தப்பாகிவிட்டது. தலைக்குள் மட்டுமல்ல, குடல் முழுக்க நரம்புப் பின்னலில் என்கெஃபலின் கொட்டிக் கிடக்கிறது. எண்டார்ஃபின், டைனார்ஃபின் என்று அண்ணன் தம்பிகளும் பின்னால் வந்து சேர்ந்தார்கள்.

அந்த 1975ஆம் வருஷத்தை நினைத்தால் எனக்குச் சிரிப்பு வரும். மூளையின் மார்ஃபினைக் கண்டுபிடிக்க ஒரு குடல் துண்டு தேவைப்பட்டது. அதே வருஷம் பெல்ஜியத்தில் வாண்டர்ஹேகன் என்பவர் மூளைக்குள் குடல் ஹார்மோன் ஜாடையில் ஒரு பெப்டைடைப் பார்த்துச் சொன்னார். பிறகு பார்த்தால் அது நம் சிசிகேயின் அந்தக் கடைசி எட்டு மணிகள். தலைக்கும் வயிற்றுக்கும் நடுவில் நாம் போட்டு வைத்திருக்கும் கோடு உடம்புக்குத் தெரியாது. பித்து என்ற ஒரே சொல்லைப் பித்தநீருக்கும் மனம் பேதலிப்பதற்கும் வைத்துக்கொண்ட நம் மொழி இதில் அறிவியலை முந்திக்கொண்டது என்று பெருமை பேச மாட்டேன். அது வேறு கணக்கு. ஆனாலும் ரசிக்கத் தோன்றுகிறது.

பித்தப்பைக்கு வருவோம். அதன் சுவரிலும் பித்தநாளத்தின் கீழ்முனையிலும் என்கெஃபலின் உள்ள நரம்பிழைகளைச் சாயமேற்றிக் கண்ணால் பார்த்திருக்கிறார்கள். அங்கே அது செய்வது என்ன? நரம்புமுனையில் இருக்கும் ஓபியாயிடு (அபின் வகை) ஏற்பியில் போய் உட்கார்ந்து, கால்சியம் நுழையும் வாசலைச் சாத்துகிறது. கால்சியம் இல்லாவிட்டால் அசிட்டைல்கோலின் வெளியே வராது. அதாவது சிசிகே தட்டி எழுப்பும் அதே நரம்புமுனையை என்கெஃபலின் தட்டித் தூங்க வைக்கிறது. இது சண்டை இல்லை, ஏற்பாடு. முழு வேகத்தில் ஒரே மூச்சாகப் பிழிந்துவிடாமல், சாப்பாடு இறங்கும் வேகத்துக்கு ஏற்ப மெதுவாகக் காலி செய்ய ஒரு பிரேக் வேண்டுமே. உடம்பின் சொந்த என்கெஃபலின் ரொம்ப நேரம் உயிரோடு இருக்காது. ஓரிரு நிமிடங்களில் நொதிகள் அதைக் கடித்துத் துண்டாக்கிவிடும். குழந்தைகளுக்கு வயிற்றுப்போக்கு என்றால் ரேசிகாடோட்ரில் பொடி எழுதிக் கொடுக்கிறார்களே, அது அந்தக் கடிக்கும் நொதியைத் தடுக்கும் மருந்துதான். உள்ளூர் என்கெஃபலினைக் கொஞ்சம் கூடுதல் நேரம் வாழவிட்டு, குடல் தண்ணீரைக் கொட்டுவதைக் குறைக்கிறது.

மார்ஃபின் அப்படி இல்லை. மணிக்கணக்கில் பிரேக்கை மிதித்துக்கொண்டே நிற்கும். பித்தப்பையைச் சோம்பலாக்கும். அதைவிட முக்கியமாக, மதகை இறுக்கும். ஓடி சுருக்குத்தசைக்குள் மெல்லிய குழாயை விட்டு அழுத்தத்தை அளந்து பார்த்தவர்கள், மார்ஃபின் போட்ட பிறகு அந்தத் தசை அடிக்கடி துடிப்பதையும் அழுத்தம் ஏறுவதையும் பதிவு செய்திருக்கிறார்கள்.

இந்த இரண்டு விளைவுகளையும் மருத்துவர்கள் எவ்வளவு நன்றாகத் தெரிந்து வைத்திருக்கிறார்கள் என்பதற்கு ஹைடா ஸ்கேன் ஒரு நல்ல சாட்சி. லேசான கதிரியக்கப் பொருளை ரத்தத்தில் செலுத்தினால் கல்லீரல் அதைப் பித்தநீரில் கலந்து அனுப்பும், கேமரா பார்த்துக்கொண்டிருக்கும். பித்தப்பை எவ்வளவு சுருங்குகிறது என்று அளக்க வேண்டுமானால், சிசிகேயின் அந்த எட்டு மணிகளைச் செயற்கையாகச் செய்து ஊசியில் ஏற்றுவார்கள். அதற்கு முன்னால் மார்ஃபின் வகை வலிமருந்து எதுவும் எடுத்திருக்கக் கூடாது. எடுத்திருந்தால் நல்ல பித்தப்பைகூடச் சுருங்காமல் நின்று நோயாளி வேஷம் போடும். அதே ஸ்கேனில் இன்னொரு சந்தர்ப்பம் உண்டு. ஒரு மணி நேரம் ஆகியும் பித்தப்பையே கண்ணுக்குத் தெரியவில்லை. அடைப்பா, சும்மா நிரம்பாமல் இருக்கிறதா? அப்போது வேண்டுமென்றே துளி மார்ஃபின் போடுவார்கள். கிலோ எடைக்கு 0.04 மில்லிகிராம். மதகு இறுகும். வழி மூடிய பித்தநீர் திரும்பி ஏரிக்குள் ஏறும். அப்போதும் ஏறாவிட்டால் ஏரியின் வாயிலேயே கல் அடைத்திருக்கிறது என்று அர்த்தம். பக்கவிளைவை வேலைக்கு வைத்துக்கொண்ட புத்திசாலித்தனம்.

அந்த மதகுக்குப் பெயர் கொடுத்த ருகேரோ ஓடியின் கதையையும் சொல்லாமல் போக மனம் வரவில்லை. 1887ல் மருத்துவ மாணவராக இருந்தபோதே அந்தச் சுருக்குத்தசையை விவரித்து எழுதியவர் அவர். முப்பது வயதுக்குள் ஜெனோவா பல்கலைக்கழகத்தில் உடலியங்கியல் துறைத் தலைவர். பிறகு போதை மருந்துப் பழக்கமும் பண விவகாரமும் சேர்ந்து அந்த வேலையைக் கெடுத்தன. பெல்ஜிய மன்னரின் ஆட்சியில் இருந்த காங்கோவுக்கு மருத்துவராகப் போனார். 1913ல் இறந்தார். போதை மருந்து இறுக்கும் தசைக்குப் போதை மருந்தால் வீழ்ந்தவரின் பெயர்.

இப்போது அத்தையின் கேள்விக்குப் பதில் சொல்லலாம். எது வலிக்குது?

கோடீன் தன்னளவில் பலவீனமான மருந்து. கல்லீரல் அதில் சுமார் பத்தில் ஒரு பங்கையோ அதற்கும் குறைவாகவோ மார்ஃபினாக மாற்றுகிறது. அந்த வேலையைச் செய்யும் நொதி சிலருக்கு மந்தம், சிலருக்குப் படுவேகம். பிறவியிலேயே அப்படி. வேகமானவர்களுக்கு அதே இரண்டு ஸ்பூனில் கூடுதல் மார்ஃபின் கிடைக்கும். மார்ஃபின் போய் மதகை இறுக்கும். பித்தப்பை இருப்பவர்களுக்கு இதில் பெரிய தொந்தரவு வருவதில்லை. மதகு மூடினால் ஏரி நிரம்பும், அழுத்தத்தை அது வாங்கிக்கொள்ளும். ஏரியையே தூர்த்துவிட்ட ஊரில்? வரத்து வாய்க்காலில் வரும் தண்ணீர் நேராக மதகில் போய் முட்டும். நாளம் விரியும், கல்லீரலுக்குள்ளேயே பின்னோக்கி அழுத்தம் ஏறும், நொதிகள் ரத்தத்தில் கசியும். பித்தநாளம் விரிந்தால் எழும் வலி பித்தப்பை வலி எழும் அதே நரம்புப் பாதையில்தான் மேலே போகிறது. மூளைக்கு இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது. அதனால்தான் 'அதே வலி'.

பித்தப்பை எடுத்த எல்லோருக்கும் கோடீன் இப்படிச் செய்யும் என்று பயந்துவிட வேண்டாம், பெரும்பாலானவர்களுக்கு ஒன்றும் ஆவதில்லை. ஆனால் சிலருக்கு நடக்கிறது என்பது மருத்துவ இதழ்களில் திரும்பத் திரும்பப் பதிவான விஷயம். வலியோடு நிற்காமல் கணைய அழற்சி வரைக்கும் போனதும் உண்டு, மதகு இரண்டு குழாய்க்கும் பொது என்பதால். இதை எல்லோருக்கும் புரியும்படி உரக்கச் சொன்னது எலக்ஸாடோலின் என்ற மருந்தின் கதை. வயிற்றுப்போக்கோடு வரும் எரிச்சல் குடல் நோய்க்காக 2015ல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. குடலின் ஓபியாயிடு ஏற்பிகளில் வேலை செய்வது. இரண்டு வருஷத்துக்குள், 2017ல், பித்தப்பை இல்லாதவர்களுக்கு இதைக் கொடுக்கவே கூடாது என்று அந்நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு எச்சரித்தது. கணைய அழற்சிதான் காரணம். நம் மருந்துக்கடைகளில் பேதிக்குச் சர்வசாதாரணமாக விற்கும் லோபெராமைடும் இதே வகையறாதான். வழக்கமான அளவில் மூளைக்குள் போகாது, போதை தராது, ஆனால் குடலின் ஓபியாயிடு ஏற்பியை மிதிக்கும். பித்தப்பை காலியாவதையும் அது மந்தப்படுத்தும்.

அப்படியானால் பித்தக்கல் வலியில் துடிப்பவருக்கு மார்ஃபின் போடலாமா? பல தலைமுறை மருத்துவ மாணவர்கள் "கூடாது, பெத்திடின் போடு" என்று படித்து வந்தார்கள். பெத்திடின் என்ற இன்னொரு ஓபியாயிடு மதகை அவ்வளவாக இறுக்காது என்பது நம்பிக்கை. பின்னாளில் சான்றுகளைத் துழாவிப் பார்த்தவர்கள், நோயாளிக்கு அதனால் உண்மையில் நன்மை கிடைத்ததாகக் காட்டும் ஆய்வு கைவசம் இல்லை என்றார்கள். இப்போது முதலில் கை வைப்பது டைக்ளோஃபெனாக் போன்ற மருந்துகளில். அவை மதகைத் தொடுவதில்லை, பித்தப்பைச் சுவரின் வீக்கத்தையும் குறைக்கின்றன. அதற்கும் அடங்காத வலிக்கு ஓபியாயிடு கொடுப்பதில் தப்பில்லை. பாடப்புத்தகத்தில் ஒரு தடவை ஏறிய வரியை இறக்குவது எவ்வளவு கஷ்டம் என்பதற்கு இது ஒரு உதாரணம்.

திற, பொறு என்று இரண்டு குரல்தான் என்று எழுதிவிட்டேன். உண்மையில் கூட்டமே இருக்கிறது. கொஞ்சம் பேரைச் சொல்லி நகர்கிறேன். பித்தநீர் சிறுகுடலின் கடைசிப் பகுதிக்குப் போய்ச் சேர்ந்ததும் அங்கிருந்து எஃப்ஜிஎஃப்19 என்ற ஹார்மோன் கிளம்பி, "போதும், நிரப்பு" என்று பித்தப்பையைத் தளர்த்துகிறது. எலிகளில் அதற்கு இணையான ஹார்மோனை நீக்கிப் பார்த்தார்கள், பித்தப்பை நிரம்பவே இல்லை. சொமாட்டோஸ்டாடின் என்ற ஹார்மோன் சிசிகேயின் வாயையே அடைத்துவிடும். அதைப்போல செய்யப்பட்ட ஆக்ட்ரியோடைடு ஊசியை மாதக்கணக்கில் போடுகிறவர்களுக்குப் பித்தக்கல் வருவது அதனால்தான். கர்ப்ப காலத்தில் புரோஜெஸ்டிரோன் தசையை இளக்கிப் பித்தப்பையைச் சோம்பலாக்கும், ஈஸ்ட்ரோஜன் பித்தநீரில் கொலஸ்ட்ராலைக் கூட்டும். பிள்ளை பெற்றவர்களுக்குப் பித்தக்கல் அதிகம் வருவதன் பின்னணி இது.

நீண்ட பட்டினி தனிக் கதை. சாப்பிடாவிட்டால் சிசிகே இல்லை, சிசிகே இல்லாவிட்டால் பித்தம் தேங்கும். உடம்பை வேகமாகக் குறைக்க எண்ணெயையே ஒழித்துக்கட்டும் உணவுமுறைகளில் இந்த ஆபத்து உண்டு. தினமும் ஒரு வேளையிலாவது பத்து கிராம் அளவுக்குக் கொழுப்பு இருந்தால் பை சுருங்கி வேலை செய்யும். இரண்டு டீஸ்பூன் எண்ணெய்தான்.

கற்களின் ஊர்க்கதையும் ஒன்று உண்டு. ரயில்வே ஊழியர்களை வைத்து 1968ல் வெளியான ஒரு பழைய ஆய்வு, வட இந்தியர்களுக்குத் தென்னிந்தியர்களைவிடப் பித்தக்கல் மிக அதிகம் என்றது. கல்லின் ஜாதியும் வேறு. வடக்கே பெரும்பாலும் வெளிர்மஞ்சள் கொலஸ்ட்ரால் கற்கள். தெற்கே நிறமிக் கற்கள் கணிசம், கறுத்து, உதிரும் தன்மையோடு. அத்தையின் டப்பாவில் இருப்பது இந்த வகை. சிசிகேயும் என்கெஃபலினும் பித்தம் எவ்வளவு நேரம் தேங்குகிறது என்பதைத்தான் தீர்மானிக்கின்றன. என்ன கல் விளையும் என்பதைத் தண்ணீர், தானியம், ரத்தம், கிருமி, பரம்பரை எல்லாம் சேர்ந்து முடிவு செய்கின்றன.

ஓபியாயிடு பெப்டைடுகளுக்கும் பித்தத்துக்கும் இன்னொரு உறவு உண்டு, எனக்கு இதுதான் ரொம்ப வியப்பு. பித்தநீர் வெளியேற முடியாமல் கல்லீரலில் தேங்கும் நோய்களில் உடம்பெல்லாம் அரிக்கும். தோலில் ஒரு தடிப்பும் இருக்காது, ராத்திரி முழுக்கச் சொறிய வேண்டியிருக்கும். அந்த நோயாளிகளின் ரத்தத்தில் என்கெஃபலின் அளவு கூடியிருப்பதைக் கண்டார்கள். மார்ஃபின் போட்டவர்களுக்கு அரிப்பு வருவது தெரிந்ததுதானே? அதே கணக்கில் யோசித்து, ஓபியாயிடு ஏற்பியை அடைக்கும் நால்ட்ரெக்ஸோனைக் கொடுத்துப் பார்த்தார்கள். பலருக்கு அரிப்பு குறைந்தது. குடிப்பழக்கத்தை விடுவிக்கக் கொடுக்கும் மாத்திரை, மஞ்சள் காமாலை அரிப்புக்கு. மற்ற மருந்துகள் கைகொடுக்காதபோது இன்றும் மருத்துவர்கள் இதை எழுதுகிறார்கள்.

முதுகுத்தண்டிலும் சிசிகேயும் ஓபியாயிடும் எதிரெதிரே உட்கார்ந்திருக்கின்றன. மார்ஃபின் தரும் வலிநிவாரணத்தை சிசிகே குறைக்கிறது என்று 1980களின் தொடக்கத்தில் எலிகளில் காட்டினார்கள். பித்தப்பையில் பார்த்த அதே ஜோடி, அதே இழுபறி, இடம் மட்டும் வேறு.

அத்தையின் கோப்பின் முதல் பக்கத்தில் இப்போது சிவப்பு மையில் "பித்தப்பை இல்லை, கோடீன் வேண்டாம்" என்று எழுதி ஒட்டியிருக்கிறோம். எந்த டாக்டரிடம் போனாலும் அந்தப் பக்கத்தைத்தான் முதலில் நீட்டுவார். கற்கள் இருக்கும் டப்பாவுக்கு இரண்டாம் இடம்தான்.

இதையெல்லாம் ஒரு சாயங்காலம் அவருக்கு முடிந்தவரை எளிமையாகச் சொன்னேன். ஏரி, மதகு, அபின், பன்றி மூளை எல்லாம். பன்றி மூளைக்கு முகம் சுளித்தார். மற்றதைப் பொறுமையாகக் கேட்டார். கடைசியில் அவருக்கு ஒரே ஒரு சந்தேகம்தான்.

"அப்போ குருமாவுக்குக் கசகசா அரைக்கலாமா, கூடாதா?"

அரைக்கலாம் என்றேன். மார்ஃபின் இருப்பது காயைக் கீறினால் வடியும் பாலில்தான், விதைக்குள் கிட்டத்தட்ட இல்லை. மேலே ஒட்டியிருக்கும் தூசு கழுவினால் பெரும்பாலும் போய்விடும். ஒரு ஸ்பூன் கசகசாவுக்கு மதகு அசையாது.

"இதை முதல்லயே சொல்லியிருந்தா ஆகாதா?" என்று எழுந்து அடுப்படிக்குப் போனார்.